நத்தையும் ஈரல் புழுவும்: ஆடு வளர்ப்போரும் குர்பானி கொடுப்போரும் அறிய வேண்டியவை

 

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு ஆண்டுதோறும் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கேள்வி தவறாமல் வரும். "குர்பானி ஆட்டின் ஈரலை அறுத்தபோது உள்ளே இலை மாதிரி தட்டையாகப் புழு இருந்தது. கறியைச் சாப்பிடலாமா? ஈரலை என்ன செய்வது?" என்று கேட்பார்கள். அறக்கட்டளையின் வாழ்வாதார உதவியில் ஆடு பெற்ற சகோதரிகள் சிலர் மழைக்காலம் கழிந்து தை, மாசி மாதங்களில் வருவார்கள். "ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்குகிறது, இரை எடுக்கவில்லை" என்பார்கள்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் தொடர்பு உண்டு. குளத்தின் கரையிலும் வாய்க்கால் புல்லிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு நத்தையைப் பற்றித் தெரிந்துகொண்டால் இரண்டுக்கும் பதில் கிடைக்கும். ஒரு கைம்பெண்ணின் வீட்டில் இரண்டு ஆடுகள் இருந்தால் அதுதான் அந்த வீட்டின் சேமிப்பு. பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். அதில் ஓர் ஆடு போனால் பாதிச் சேமிப்பு போய்விட்டது என்று பொருள். எனவே இந்த இதழில் பாடமாகவே இதை எழுதுகிறோம். வீட்டில் பெரியவர்கள் வாசித்து, ஆடு மேய்க்கப் போகும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

ஈரலில் இருப்பது என்ன?

அது ஈரல் தட்டைப்புழு. உருண்டையாக நூல் போல இருக்கும் குடற்புழு வேறு, இது வேறு. வேப்பிலையைப் போல் தட்டையாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். நம் நாட்டு ஆடு மாடுகளில் பெரும்பாலும் காணப்படும் வகைக்கு பாசியோலா ஜைஜான்டிகா என்று பெயர். நன்றாக வளர்ந்த புழு 2 அங்குலத்துக்கு மேலும் நீளும். குளிர் நாடுகளில் காணப்படும் பாசியோலா ஹெபாட்டிகா இதைவிடச் சற்றுச் சிறியது.

இந்தப் புழு ஈரலுக்குள் இருக்கும் பித்தக் குழாய்களில் வாழ்கிறது. பித்தக் குழாய் தடித்துப் போகிறது. ஈரல் தன் வேலையைச் செய்ய முடியாமல் போகிறது. ஆட்டுக்கு ரத்தம் குறைகிறது, உடம்பில் நீர் கோக்கிறது. தாடைக்குக் கீழே தொங்கும் அந்தப் பை இப்படிக் கோத்த நீர்தான்.

ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நேராகப் போகாது

இந்தப் பாடத்தில் முதலில் மனதில் பதிய வேண்டியது இது. ஈரல் புழு உள்ள ஆட்டின் பக்கத்தில் நல்ல ஆட்டைக் கட்டினாலும் புழு அதற்குத் தொற்றாது. நடுவில் ஒரு நத்தை இருந்தே ஆக வேண்டும். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: பித்தக் குழாயில் இருக்கும் புழு ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டைகள் பித்தநீரோடு குடலுக்கு வந்து, சாணத்திலும் புழுக்கையிலும் கலந்து வெளியே வரும்.

இரண்டாம் படி: அந்தச் சாணம் தண்ணீரில் விழுந்தால், நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ 2 வாரத்தில் முட்டை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு குஞ்சு நீந்தி வெளியே வரும். அதற்கு வாயும் இல்லை, உணவும் இல்லை. ஏறத்தாழ ஒரு நாளுக்குள் தனக்கேற்ற நத்தையைக் கண்டுபிடித்து அதன் உடம்பைத் துளைத்து உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் செத்துவிடும்.

மூன்றாம் படி: நத்தைக்குள் அது பல உருமாற்றங்கள் அடைந்து பெருகும். உள்ளே போனது ஒன்றுதான் என்றாலும் சில வாரங்கள் கழித்து வால் முளைத்த குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் வெளியே வரும். இதனால்தான் நோயுள்ள ஒரே ஓர் ஆடு ஒரு குளக்கரை முழுவதையும் கெடுத்துவிட முடிகிறது.

நான்காம் படி: வாலுள்ள குஞ்சுகள் நீந்திப் போய்ப் புல்லின் தண்டிலும், நெல்தாளிலும், நீர்க்கீரையிலும் ஒட்டிக்கொள்ளும். வாலை உதறிவிட்டுத் தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்ளும். ஈரம் இருக்கும்வரை அந்த உறைக்குள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கூட உயிரோடு காத்திருக்கும்.

ஐந்தாம் படி: அந்தப் புல்லை ஆடு தின்னும். குடலில் உறை கரைந்து, குஞ்சுப் புழு குடலின் சுவரைத் துளைத்து, வயிற்றறை வழியாக ஈரலுக்குப் போய்ச் சேரும். பல வாரங்கள் ஈரலின் சதையை அரித்துத் திரிந்த பின் பித்தக் குழாயில் குடியேறும். தின்ற நாளிலிருந்து 3 அல்லது 4 மாதத்தில் அதுவும் முட்டையிடத் தொடங்கும். சங்கிலி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பமாகும்.

இந்த வாழ்க்கைச் சுற்றை முதலில் கண்டறிந்தவர்கள் ஜெர்மனியின் லூக்கார்ட்டும் இங்கிலாந்தின் தாமஸும். 1880-களின் தொடக்கத்தில் இருவரும் தனித்தனியே ஆராய்ந்து, செம்மறிகளைக் கொன்று கொண்டிருந்த இந்தப் புழுவுக்கு நத்தை இடைத்தங்கல் என்று காட்டினார்கள். அதுவரை ஈரமான மேய்ச்சல் நிலத்தின் காற்றும் பனியும்தான் ஆட்டைக் கெடுக்கிறது என்று பலர் நினைத்திருந்தார்கள்.

எல்லா நத்தையும் அல்ல

"அப்படியானால் நத்தையைப் பார்த்தாலே கொன்றுவிட வேண்டுமா?" என்று கேட்கலாம். வேண்டாம். நம் குளங்களில் பலவகை நத்தைகள் உண்டு. ஈரல் புழுவுக்கு இடம் கொடுப்பது லிம்னியா என்ற இனத்தைச் சேர்ந்தது. ஓடு மெல்லியது, வெளிர் பழுப்பு நிறம், விரல் நகம் அளவு. கூர்முனை மேலே இருக்கும்படி பிடித்து, வாய்ப்பகுதியை நம் பக்கம் திருப்பினால், வாய் வலப்பக்கம் திறந்திருக்கும். அதை மூடும் மூடி இருக்காது.

இன்னொன்று, கடாவின் கொம்பு சுருண்டதுபோல் தட்டையாகச் சுருண்ட ஓடுடையது. இன்டோபிளானார்பிஸ் என்பது அதன் பெயர். மாடுகளின் ரத்தக் குழாயில் வாழும் தட்டைப்புழுக்களுக்கு அது இடம் கொடுக்கிறது. அவற்றில் ஒருவகை மாட்டின் மூக்கு நாளங்களில் தங்கி, மூச்சுவிடும்போது குறட்டை போலச் சத்தம் வரச் செய்யும்.

வயலில் பெரிதாக, உருண்டையாக, வாயில் கெட்டியான மூடியோடு இருக்கும் நத்தைக்கு இந்த ஈரல் புழுவோடு சம்பந்தம் இல்லை. எனவே எல்லாவற்றையும் அழிப்பது பயனற்ற வேலை.

மேலும் ஒன்று. லிம்னியா நத்தையேகூடப் பிறக்கும்போது புழுவோடு பிறப்பதில்லை. நோயுள்ள ஆடு மாட்டின் சாணம் தண்ணீரில் சேர்ந்தால்தான் அதற்குத் தொற்று வரும். நாம் கொடுத்ததைத்தான் அது பெருக்கித் திருப்பித் தருகிறது. நத்தையை எப்படி ஒழிப்பது என்று யோசிப்பதற்கு முன், சாணம் தண்ணீருக்குப் போகாமல் எப்படித் தடுப்பது என்று யோசிக்க வேண்டும்.

எகிப்து கற்ற பாடம்

நத்தை வழியாகப் பரவும் தட்டைப்புழு மனிதர்களையே தாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு எகிப்தின் வரலாறு பெரிய பாடம். அங்குள்ள நோயை பில்ஹார்சியா என்பார்கள். 1851-ல் கெய்ரோவின் கஸ்ருல் ஐனி மருத்துவமனையில் பணியாற்றிய தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், இறந்தவர் ஒருவரின் உடலைப் பரிசோதித்தபோது ரத்தக் குழாயில் இந்தப் புழுவைக் கண்டார். அவர் பெயரே நோய்க்கு வந்தது. நோயோ அதைவிட மிகப் பழையது. 1910-ல் ரஃபர் என்ற ஆய்வாளர், 3000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்திய மம்மிகளின் சிறுநீரகத்தில் இதன் முட்டைகளைக் கண்டறிந்தார்.

இந்தப் புழு ஈரல் புழுவைப் போலப் புல்லில் ஒட்டிக் காத்திருப்பதில்லை. நத்தையிலிருந்து வெளிவந்த குஞ்சு, தண்ணீரில் இறங்கிய மனிதனின் தோலைச் சில நிமிடங்களில் துளைத்து உள்ளே போய்விடும். ரத்தக் குழாய்களில் ஆணும் பெண்ணுமாக ஆண்டுக்கணக்கில் வாழும். ஒருவகையின் முட்டைகள் சிறுநீரோடும், இன்னொரு வகையின் முட்டைகள் மலத்தோடும் வெளியேறும். வெளியேற முடியாத முட்டைகள் சிறுநீர்ப்பையிலோ ஈரலிலோ சிக்கிக்கொண்டு அந்த உறுப்பைக் கெடுக்கும். நாளடைவில் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் கூட உண்டாகும். நைல் ஆற்று வாய்க்கால்களில் குளித்து வளர்ந்த சிறுவர்களுக்குச் சிறுநீரில் ரத்தம் போவது அவ்வளவு சாதாரணமாக இருந்ததால், பையன் ஆளாகும் அடையாளம் அது என்றே சில ஊர்களில் நினைத்தார்கள்.

அரபு நாடுகளில் வேலை பார்த்த நம் சகோதரர்கள் அப்துல் ஹலீம் ஹாஃபிஸ் என்ற எகிப்தியப் பாடகரின் பெயரைக் கேட்டிருப்பார்கள். கிராமத்து வாய்க்காலில் சிறுவயதில் பிடித்த இந்த நோய் அவருடைய ஈரலைக் கெடுத்தது. 1977-ல், 47 வயதில் லண்டனில் காலமானார். எவ்வளவு புகழும் பணமும் இருந்தும், சிறுவயதுத் தண்ணீர் விட்டுவைக்கவில்லை.

எகிப்தில் நத்தையின் பங்கை 1915-ல் ராபர்ட் லைப்பர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் உறுதி செய்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு ஜப்பானில் மியாயிரி, சுசுகி என்ற இருவர் அங்குள்ள வகைக்கு நத்தை இடைத்தங்கல் என்று கண்டிருந்தார்கள்.

இதில் நமக்கு இரண்டு படிப்பினைகள் உள்ளன.

ஒன்று, தண்ணீர் எப்போதும் தேங்கியிருந்தால் நத்தை பெருகும். பழைய நாளில் நைல் வெள்ளம் வயலில் பாய்ந்து வடிந்தபின் நிலம் மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். அந்தக் காய்ச்சலில் நத்தைகள் பெருமளவு மடியும். அணைகள் கட்டி ஆண்டு முழுவதும் வாய்க்காலில் தண்ணீர் விட்டபோது விளைச்சல் பெருகியது, நத்தையும் பெருகியது. பத்தில் ஒருவருக்கு இருந்த நோய் சில ஆண்டுகளில் பாதிப்பேரை எட்டிய ஊர்களும் உண்டு.

இரண்டு, மருந்தைக் கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். 1950-களிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை எகிப்தில் இந்த நோய்க்கு ஊர் ஊராக ஊசி போட்டார்கள். ஊசிகளைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் ஒருவருக்குப் போட்டதையே மற்றவருக்கும் போட்டதால், ஹெபடைடிஸ் சி என்ற ஈரல் நோய் லட்சக்கணக்கானவர்களுக்குப் பரவியது. பிறகு பிராசிகுவாண்டல் என்ற மாத்திரை வந்தது. பில்ஹார்சியா மிகவும் குறைந்தது. ஹெபடைடிஸ் சி நோயையும் எகிப்து பெருமுயற்சியோடு எதிர்கொண்டு, 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சிறப்பு அங்கீகாரத்தைப் பெற்றது. நல்ல நோக்கத்தோடு செய்யும் காரியத்தையும் முறையோடு செய்ய வேண்டும் என்பதை அறப்பணி செய்யும் நாமும் நினைவில் வைக்க வேண்டும்.

நம் ஊர் வாய்க்காலில் இறங்கினால் பில்ஹார்சியா வருமா என்று பயப்பட வேண்டாம். அந்தப் புழுவுக்கு ஏற்ற ஆப்பிரிக்க நத்தை இனங்கள் இங்கு இல்லை. இந்தியாவில் இதற்கென அறியப்பட்ட இடம் மகாராஷ்டிர மாநிலம் ரத்தினகிரி மாவட்டத்தின் கிம்வி கிராமம். 1952-ல் அது பற்றி எழுதப்பட்டது.

மார்க்கம் கற்றுத்தந்த ஒழுக்கம்

தேங்கி நிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் பதிவாகியுள்ளது. தண்ணீர்த் துறைகளிலும், மக்கள் நடக்கும் வழியிலும், நிழலிலும் மலம் கழிப்பதைச் சாபத்துக்குரிய செயலாக எச்சரித்த அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. மதரஸாவில் தூய்மை பற்றிய பாடத்தில் நம் பிள்ளைகள் முதலாவதாகப் படிப்பவற்றில் இவையும் உண்டு.

இந்தக் கட்டளைகளை நாம் பின்பற்றுவது அல்லாஹ்வின் தூதர் சொன்னார்கள் என்பதற்காகவே. நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் கீழ்ப்படிய வேண்டும் என்பதில்லை. ஆனால் மேலே சொன்ன சங்கிலியைப் பாருங்கள். முட்டை தண்ணீருக்குப் போய்ச் சேராவிட்டால் நத்தைக்குத் தொற்று இல்லை, நத்தைக்குத் தொற்று இல்லாவிட்டால் மனிதனுக்கும் இல்லை. இந்த ஒழுக்கத்தை ஓர் ஊர் முழுவதும் கடைப்பிடித்தால் சங்கிலி முதல் படியிலேயே அறுந்துவிடும்.

இங்கு ஒரு கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நம் சிறுநீரைக் குளத்தில் கலக்கக் கூடாது என்று கவனமாக இருக்கிறோம். ஆட்டுக் கொட்டிலைக் கழுவிய தண்ணீரும், குர்பானி நாளில் குடல் கழுவிய தண்ணீரும் எங்கே போகிறது? பல தெருக்களில் அது நேராக வாய்க்காலுக்குத்தான் போகிறது. நம்மால் பிறருக்கும், பிறருடைய கால்நடைக்கும் தீங்கு வராமல் பார்ப்பதும் நம் பொறுப்புதான். அந்த வாய்க்கால் அடுத்த ஊர் வழியாகவும் ஓடுகிறது.

ஆடு வளர்ப்போர் கவனத்துக்கு

அடையாளங்கள்: ஆடு மெலிந்துகொண்டே போகும். கண் இமையைத் திருப்பிப் பார்த்தால் உட்புறம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருக்கும். தாடைக்குக் கீழே மெத்தென்று வீங்கும். மந்தையோடு நடக்க முடியாமல் பின்தங்கும். குஞ்சுப் புழுக்கள் ஒரே நேரத்தில் நிறைய உள்ளே போனால், இந்த அடையாளங்கள் தெரிவதற்கு முன்பே ஆடு திடீரென்று இறப்பதும் உண்டு.

ஆனால் தாடை வீக்கமும் வெளுத்த இமையும் இரைப்பையில் ரத்தம் குடிக்கும் உருண்டைப் புழுவாலும் வரும். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. எனவே நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். புதிய புழுக்கை ஒரு கைப்பிடி எடுத்து, சுத்தமான டப்பாவிலோ பாலிதீன் பையிலோ போட்டு, அன்றைக்கே அரசு கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். எந்த ஆட்டுடையது என்று பையின் மேல் எழுதி வையுங்கள். புழு குஞ்சாக இருக்கும் முதல் மாதங்களில் முட்டை தென்படாது. எனவே எங்கே மேய்கிறது, எப்போதிலிருந்து மெலிகிறது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்துக் கடையில் "குடற்புழு மருந்து" என்று பொதுவாகக் கேட்டு வாங்கி ஊற்றினால் ஈரல் புழு போகும் என்று நம்ப வேண்டாம். சில மருந்துகள் உருண்டைப் புழுவை மட்டும் கொல்லும். சில மருந்துகள் வளர்ந்த ஈரல் புழுவைக் கொல்லும், குஞ்சை விட்டுவிடும். டிரைக்ளபெண்டசோல் போன்றவை குஞ்சையும் கொல்லும். எது, எவ்வளவு, எப்போது என்பதை ஆட்டின் எடையைப் பார்த்து கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும். சினை ஆடு என்றால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மேய்ச்சலில் செய்யக்கூடியவை:

1. மழைக்காலத்திலும், தண்ணீர் வடியத் தொடங்கும் மாதங்களிலும் குளக்கரை, வாய்க்கால் ஓரம், சதுப்பான இடங்களில் மேய விடாதீர்கள். மேட்டு நிலத்தில் மேயட்டும்.

2. குளத்தில் இறக்கித் தண்ணீர் காட்டாமல், தொட்டியிலோ வாளியிலோ கிணற்று நீரை, குழாய் நீரை வையுங்கள். தொட்டியைச் சுற்றிச் சேறு சேராமல் பாருங்கள்.

3. தண்ணீர் நின்ற வயலின் ஈரமான அடித்தாளைப் பச்சையாகப் போடாதீர்கள். வைக்கோலை வெயிலில் நன்றாகக் காயவைத்த பின் போடுங்கள். காய்ந்தால் உறைக்குள் இருக்கும் குஞ்சு பிழைக்காது.

4. புழுக்கையையும் சாணத்தையும் தண்ணீர் எட்டாத மேட்டில் குழி வெட்டிச் சேர்த்து மட்க விடுங்கள். நன்றாக மட்கும் எருவில் உண்டாகும் சூடு முட்டையைக் கொல்லும். உங்கள் தோட்டத்துக்கும் நல்ல எரு கிடைக்கும்.

5. புதிதாக வாங்கிய ஆட்டை உடனே மற்ற ஆடுகள் மேயும் இடத்துக்கு ஓட்டாதீர்கள். பரிசோதித்து, மருந்து கொடுத்துச் சில நாள் தனியே கட்டி வையுங்கள்.

6. வாத்து நத்தையைத் தின்னும். தண்ணீர் நிற்கும் இடம் பக்கத்தில் இருந்தால் நாலு வாத்து வளர்ப்பதும் உதவும்.

குர்பானி கொடுப்போர் கவனத்துக்கு

ஒரு கண் குருடு என்று தெளிவாகத் தெரிவது, நோய் தெளிவாகத் தெரிவது, நொண்டி என்று தெளிவாகத் தெரிவது, எலும்பில் மஜ்ஜை இல்லாத அளவுக்கு மெலிந்தது ஆகிய நான்கும் குர்பானிக்கு ஆகாது என்ற நபிமொழியை நாம் அறிவோம். எனவே ஆடு வாங்கும்போதே கண் இமையைத் திருப்பிப் பாருங்கள், தாடைக்குக் கீழே தடவிப் பாருங்கள், முதுகெலும்பைக் கையால் அழுத்திப் பாருங்கள். உயரத்தையும் கொம்பையும் பார்த்து விலை பேசுவதோடு இதற்கு ஒரு நிமிடம் செலவிடுவது கடமையை நிறைவாகச் செய்ய உதவும்.

வெளியே நல்ல ஆரோக்கியமாகத் தெரிந்த ஆட்டை அறுத்த பின் ஈரலில் புழு தென்பட்டால், மார்க்கச் சட்டம் பற்றி உங்கள் மஹல்லா இமாமிடம் கேளுங்கள். நாங்கள் இங்கே சொல்வது உடல்நலம் பற்றி மட்டும். ஈரலில் இருக்கும் வளர்ந்த புழு, சமைத்த ஈரலைத் தின்பதால் மனிதனுக்குத் தொற்றாது. அது தொற்றும் நிலை நத்தையைக் கடந்து வந்த உறைக்குஞ்சு நிலை மட்டுமே. அது புல்லிலும் கீரையிலும் தண்ணீரிலும் இருக்கிறது, ஈரலில் இல்லை. இறைச்சியிலும் இந்தப் புழு இருப்பதில்லை. ஆகவே புழு கண்டவுடன் முழு ஆட்டையும் வீணாக்கி விடாதீர்கள். ஏழைகளின் பங்கு அதில் இருக்கிறது.

ஈரலில் ஓரிரு புழு மட்டும் இருந்தால் அந்தப் பகுதியைத் தாராளமாக வெட்டி நீக்கிவிட்டு, மீதியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். பித்தக் குழாய்கள் வெள்ளைக் குழல் போல் தடித்து, கத்தி பட்டால் நறநறவென்று சுண்ணாம்பு போல் இருந்தால், அல்லது ஈரலில் நீர்க்கட்டிகள், சீழ்க்கட்டிகள் தென்பட்டால் ஈரல் முழுவதையும் நீக்கிவிடுங்கள். நீக்கியதை நாய்க்குப் போட வேண்டாம். நீர்க்கட்டி வேறொரு புழுவினுடையதாக இருக்கலாம், அது நாய் வழியாக மனிதருக்கு வரும். ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். அரைகுறையாக வதக்கிய ஈரலை யாரும் சாப்பிட வேண்டாம்.

மருந்து கொடுத்த ஆட்டை உடனே அறுக்கக் கூடாது. மருந்து இறைச்சியிலும் பாலிலும் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை தங்கும். எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். எனவே பெருநாளுக்கு நீண்ட நாள் முன்பே மருந்து கொடுத்து முடித்து, தேதியைக் குறித்து வையுங்கள். விற்பவர் வாங்குபவரிடம் இதைச் சொல்வது வியாபார நேர்மையும் ஆகும்.

மனிதனுக்கு வரும் வழி

ஈரல் புழு மனிதனுக்கும் வரலாம். வழி, பச்சையாகத் தின்னும் நீர்க்கீரை. ஈரானில் காஸ்பியன் கடலோரக் கீலான் மாகாணத்தில் 1989-ல் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தப் புழுவால் பாதிக்கப்பட்டார்கள். நீர்நிலை ஓரத்தில் வளரும் பசுந்தழைகளைப் பச்சையாகச் சேர்த்துக்கொள்ளும் உணவுப் பழக்கமே காரணமாகச் சொல்லப்பட்டது.

நம் வீடுகளில் வல்லாரையும் வள்ளைக்கீரையும் வாங்குகிறோம். ஆடு மாடு இறங்கும் குளக்கரையில், வாய்க்காலில் பறித்த கீரையைப் பச்சையாக அரைத்துத் துவையல் செய்யாதீர்கள். தண்ணீரில் அலசினால் மட்டும் ஒட்டியிருக்கும் உறை போய்விடாது. வேகவைத்தால் பயமில்லை. குளத்துத் தண்ணீரைக் குடிக்க வேண்டி வந்தால் கொதிக்க வைத்துக் குடியுங்கள். வலப்புற விலாவுக்குக் கீழே வலி, நீடிக்கும் காய்ச்சல் இருந்து, பச்சை நீர்க்கீரை சாப்பிட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனிதருக்கும் இதற்கு மருந்து உண்டு.

நீங்கள் கேட்டவை

*பள்ளிவாசல் ஹவுளில் நத்தை இருக்கிறது. ஒளு செய்யலாமா?*

ஆடு மாட்டின் சாணம் சேராத ஹவுளில் உள்ள நத்தைக்கு ஈரல் புழு வர வழியில்லை. கலங்க வேண்டாம். பாசி பிடித்திருப்பதால்தான் நத்தை சேர்ந்திருக்கிறது. எனவே ஹவுளை இறைத்து, பாசி தேய்த்து, ஒரு நாள் வெயிலில் காயவிட்டு நிரப்பும்படி நிர்வாகத்திடம் சொல்லுங்கள். ஹவுள் அருகே ஆடு மாடுகளுக்குத் தண்ணீர் காட்டாதீர்கள்.

*நடவு வயலில் இறங்கினால் கால் முழுவதும் அரிப்பும் தடிப்பும் வருகிறது. அதுவும் இதுதானா?*

சில சமயம் ஆம். மாடுகளின் ரத்தக் குழாய்ப் புழுவின் குஞ்சு, தவறி மனிதத் தோலில் நுழைந்தால் அப்படி அரிக்கும். அது நம் உடம்பில் வளர முடியாமல் தோலிலேயே செத்துவிடும். சில நாளில் தானே அடங்கும். கரையேறியவுடன் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் அழுத்தித் துடையுங்கள். சொறிந்து புண்ணாக்க வேண்டாம். சீழ் பிடித்தாலோ அடங்காவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

*குளத்தில் மயில்துத்தம் கரைத்தால் நத்தை செத்துவிடுமே?*

சாகும், மீனும் சாகும். அதே தண்ணீரை மற்ற கால்நடைகளும் குடிக்கும். ஊர்ப் பொதுக் குளத்தில் யாரும் தன்னிச்சையாக எதையும் கரைக்கக் கூடாது. மேலும் சேற்றில் புதைந்து தப்பிய சில நத்தைகள் அடுத்த மழையில் மறுபடியும் பெருகிவிடும்.

*மகன் ஆப்பிரிக்காவில் வேலையில் இருக்கிறான். கவனிக்க வேண்டியது என்ன?*

சூடான், தான்சானியா, உகாண்டா முதலிய பல ஆப்பிரிக்க நாடுகளிலும், யெமனிலும் பில்ஹார்சியா இன்றும் உண்டு. ஏரி, ஆறு, வாய்க்கால் தண்ணீரில் குளிக்கவோ நீந்தவோ வேண்டாம் என்று சொல்லுங்கள். கடலில் இந்த நத்தை இல்லை. ஊர் திரும்பிய பின் சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம் கண்டால், எந்த நாட்டில் எந்தத் தண்ணீரில் இறங்கினான் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நம் ஊர் மருத்துவர்கள் அரிதாகவே காணும் நோய் என்பதால், நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராமல் போகலாம். மாத்திரையில் குணமாகும் நோய் இது.

நாம் சேர்ந்து செய்ய வேண்டியது

ஒரு வீடு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது. பக்கத்து வீட்டு ஆட்டின் புழுக்கை அதே வாய்க்காலில் விழுந்தால் நம் ஆடு மறுபடியும் அதே புல்லைத்தான் தின்னும். எனவே அறக்கட்டளை சார்பில் மூன்று காரியங்களை முடிவு செய்திருக்கிறோம்.

முதலாவது, வாழ்வாதார உதவியில் ஆடு பெற்ற எல்லாக் குடும்பங்களின் ஆடுகளுக்கும் ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் தண்ணீர் வடிந்த பின்னும், ஒரே நாளில் புழுக்கைப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வோம். அக்கம்பக்கத்தில் ஆடு வளர்க்கும் பிற சமயச் சகோதரர்களும் தங்கள் ஆட்டின் புழுக்கையைக் கொண்டுவரலாம். வாய்க்கால் எல்லோருக்கும் பொது.

இரண்டாவது, வரும் ஹஜ்ஜுப் பெருநாளில் கூட்டுக் குர்பானி நடக்கும் இடத்தில் கழிவுக்கென ஆழமான குழி முன்கூட்டியே வெட்டப்படும். குடல், இரைப்பைக் கழிவு, நீக்கிய ஈரல் எதுவும் வாய்க்காலுக்குப் போகக் கூடாது. வீட்டில் தனியே அறுப்பவர்களும் கழிவை அங்கே கொண்டுவந்து சேர்க்கலாம்.

மூன்றாவது, மக்தப் மதரஸாவில் தூய்மைப் பாடம் நடத்தும் உஸ்தாத்மார்கள் நத்தையின் இந்தச் சங்கிலியையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி கேட்டிருக்கிறோம்.

இதற்கு அதிகப் பணம் தேவையில்லை. ஒரு குழி, ஒரு வாளி தண்ணீர், ஒரு கைப்பிடி புழுக்கையோடு கால்நடை மருந்தகம் வரை ஒரு நடை. இவ்வளவுதான். இதைச் செய்தால் ஒரு தாயின் இரண்டு ஆடுகள் அடுத்த ஆண்டு நான்காக வாய்ப்பு உண்டு.

நம் உணவையும், நம் கால்நடைகளையும், நாமும் அண்டை வீட்டாரும் பகிர்ந்துகொள்ளும் தண்ணீரையும் தூய்மையாகக் காக்கும் பொறுப்புணர்வை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர், அறக்கட்டளைக்காக.